முதல் ஆளாகப் போகிறவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு நானும் தங்கச்சியும் எத்தனை தடவை போய்வந்தோம் என்று முதல் வருஷம் மட்டும்தான் எண்ணினேன். அப்புறம் விட்டுவிட்டேன். காலையில் சிவகாசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். கோர்ட்டு வராண்டாவின் சிமெண்டுத் தரையில் மத்தியானம் வரைக்கும் பெயர் கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருப்போம். பிறகு யாராவது போகிற போக்கில், தேதி மாற்றிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஜட்ஜ் லீவு. வக்கீல்கள் ஸ்டிரைக், யாரும் உள்ளே போகவில்லை. குற்றம் சாட்டப்பட்ட நாலு பேரில் ஒருவனுக்குக் காய்ச்சல். ஊரில் யாராவது "எங்கண்ணே கிளம்பிட்டீக?" என்று கேட்டால், "வாய்தா வாங்கப் போறோம்" என்பேன், என்னமோ சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போகிறவன் மாதிரி. முதலில் சிரித்தவர்கள் போகப்போகச் சிரிப்பதை விட்டுவிட்டார்கள். எனக்கும் சொல்லி அலுத்துப்போனது.

தங்கச்சி என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்டின் மனைவி. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். அந்த முறையில் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. அவரைக் கண்மாய்க் கரையில் வெட்டிக் கொன்ற வழக்குக்காகத்தான் இந்த நடை எல்லாம். நானும் ஒரு சாட்சி. கொலையைப் பார்த்த சாட்சி இல்லை. அவர் சட்டைக்குள் இருந்த நோட்டில் எழுதியிருப்பது நான்தான் என்று சொல்ல வேண்டிய சாட்சி. அது லேசான வேலை.

லேசில்லாதது வேறு. கொலை நடந்த பகலில் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்டபோது, பிரஸ்ஸில் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், சேதி கேட்டுத்தான் ஓடிவந்தேன் என்று சொல்லியிருந்தேன். பொய். அவள் வீட்டு வாசலில் அவரோடுதான் உட்கார்ந்திருந்தேன். அவரிடம் கடைசியாகப் பேசியவன் நான். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு பயணத்திலும் நினைப்பேன். பஸ் மல்லி கிராமத்தைத் தாண்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடும், இறங்கிவிடுவோம்.

அவருடைய அப்பா அம்மா கரிசல் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மழை இல்லாத வருஷங்கள் வரிசையாக வந்தபோது ஊரே தீப்பெட்டி கம்பெனிக்கு மாறியது, அவர்களும் மாறினார்கள். அவரும் குச்சி அடுக்கினார், அப்புறம் லாரிக்கு லோடு ஏற்றினார். பேசத் தெரிந்தவர். வேலைக்குக் கூட்டிப் போகிற கம்பெனி வேனில் ஏறப் பெண்கள் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "ஒரு இரும்புப் படி வச்சுக் குடுங்க, இல்லாட்டி நான் குனியுறேன், என் முதுகுல ஏறிப் போகட்டும்" என்றார். படி வந்தது. அவருடைய அரசியல் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் தடவை நின்றபோது சொற்ப ஓட்டில் தோற்றார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "வா மாப்ள, நாம ஓட்டுக் கேட்ட வீட்டுக்கெல்லாம் நன்றி சொல்லிட்டு வருவோம்."

"தோத்ததுக்கா?"

"நமக்குப் போடாதவுக வீட்டுக்குத்தான் முதல்ல போகணும். அவுகளுக்கு இன்னைக்கு மூஞ்சியக் காட்டக் கூச்சமா இருக்கும். நல்ல காபியா குடுப்பாக."

அடுத்த தடவை பூட்டு சாவி சின்னத்தில் ஜெயித்தார். அதற்கடுத்த தடவையும் ஜெயித்தார். சுவரில் வரைந்த பூட்டு சாவியை வெள்ளையடிக்க விடவே இல்லை; அதில் அவருக்கு ஒரு ஆசை. எங்கே போனாலும் முதலில் தலை சீவிக்கொள்வார். கோபம் வந்தால் கை முந்திவிடும். தண்ணீர் மோட்டார் போடுகிற ஆளை ஒருமுறை ஊர் முன்னால் அறைந்துவிட்டார். மறுநாள் விடியும் முன்னே அந்த ஆள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீயும் ஒண்ணு குடுத்துரு, சரியாப் போகும்" என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "குழாயில தண்ணி வரலைன்னா அது பிரசிடெண்டு தப்பு மாப்ள, வந்துச்சுன்னா அது மோட்டார்க்காரன் திறமை. நான் ஏன் இந்த வேலைக்கு வந்தேன்?" என்று என்னிடம் புலம்புவார். புலம்பிக்கொண்டே சந்தோஷமாக இருக்கிற மனுஷன்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மிஷினில் இருந்தேன். அதற்கு முன் பல வருஷம் பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கினேன். ஒரு தடவை மருந்து என்னைக் கலக்கிவிட்டது. இடது கையில் மூன்று விரல் ஒட்டிப்போயின. பள்ளிக்கூடத்தில் விட்ட படிப்பைப் பிரஸ்ஸில் வெட்டித் தள்ளுகிற லேபிள்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் பிடித்தேன். என் எழுத்து கொஞ்சம் அச்செழுத்து மாதிரி குண்டாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் என்னிடம் நோட்டைக் கொடுத்தார்.

அந்த நோட்டு வந்த கதை இது. அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடித்தபோது எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி உள்ளே இருந்தாள். கம்பெனி லிஸ்டில் அவள் பெயர் இல்லை. "அந்தப் பிள்ளை இன்னைக்கு வேலைக்கே வரலையே" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அப்பனும் புருஷனும் சிவகாசி, விருதுநகர், மதுரை என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார்கள். கடைசியில் ஒரு மெட்டியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வாரமே பிரசிடெண்ட் ஒரு நீளமான நோட்டு வாங்கிவந்தார். தினமும் காலையில் வேன் நிற்கிற இடத்தில் அவர் நிற்பார். யார் எந்த வேனில் எந்த கம்பெனிக்கு ஏறுகிறார்கள் என்று நான் எழுத வேண்டும். ராத்திரி ஷிப்டு முடிந்து நான் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடமும் அதுதான், அதனால் நான் தப்பிக்க வழியில்லை.

எங்கள் பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் கதவைச் சாத்திக்கொள்ள மாட்டார்கள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தப் பக்கம் என்று. பிறகு ஊரே ரோட்டு வழியாகக் கம்பெனிகளைப் பார்த்து ஓடும். சமைந்த பெண்ணுக்குச் சடங்கு நடந்துகொண்டிருந்தால் அதையும் விட்டுவிட்டு ஓடும். பிரசிடெண்ட் மட்டும் ரோட்டில் போக மாட்டார். மொபெட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரை வழியாகப் போனால் பாதித் தூரம். பின்னால் நான், நோட்டோடு. எல்லோருக்கும் முன்னால் கம்பெனி கேட்டில் போய் நின்று பெயர்களை வாசிப்பார். வெளியே ஓடிவந்த ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சின்ன விபத்தாக இருந்தாலும், ஒன்றும் இல்லாமல் போனாலும் வாசிக்காமல் விட மாட்டார்.

"ஏன்யா, உன் கண்ணு முன்னாடி குத்துக்கல்லாட்டம் நிக்கேன். என்னையும் பேரு சொல்லித்தான் கூப்பிடணுமோ?" என்று ஒரு அக்கா சத்தம் போட்டாள் ஒரு தடவை.

"நான் கேக்கலக்கா, நோட்டு கேக்குது. சொல்லிரு."

"இருக்கேன், இருக்கேன். எழுதிக்கோ, இன்னும் சாகலைன்னு."

நோட்டு சிலருக்குப் பிடிக்கவில்லை. முக்கியமாக ஒருவருக்கு. அவர் லைசென்ஸ் இல்லாமல் கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டு வேலை வாங்கிக்கொண்டிருந்தார்; யார் எங்கே போகிறார்கள் என்று ஒரு நோட்டில் பதிவாவது அவருக்கு இடைஞ்சல். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு வெடி குடோன் கட்டவும் பஞ்சாயத்தில் தீர்மானம் கேட்டார். பிரசிடெண்ட் தரவில்லை. பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தவர், காபியைக் குடித்துவிட்டு, தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஊர்ப் பேரையெல்லாம் எழுதுதீக. உங்க பேரை யாரு எழுதுவா பிரசிடெண்டே?"

"என் பேருக்கு என்ன குறைச்சல், சுவரு பூரா இருக்கு" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பிடிபட்ட நாலு பேரும் அந்த ஆளுக்கு வேண்டியவர்கள். அந்த ஆள் பிடிபடவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. நான் தொடர்ந்து இரண்டு ஷிப்டு லேபிள் வெட்டிவிட்டு வந்து, வேன் நிற்கிற இடத்தில் பெயர்களை எழுதினேன். தங்கச்சியும் அன்றைக்கு வேனில் ஏறினாள். பிரசிடெண்ட் பெண்டாட்டியான பிறகும் திரி செருகுகிற வேலையை அவள் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று திரும்பினால், "ஒரே ஒரு மனு மாப்ள, கலெக்டருக்கு" என்று இழுத்துக்கொண்டு போனார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். ஒரே ஒரு மனு மூன்று மனு ஆயிற்று. எழுத்து கண்ணுக்குள் மிதந்தது.

உச்சி வேளையில் சத்தம் கேட்டது.

அவர் சட்டைப் பையில் சீப்பைத் தேடிக்கொண்டே எழுந்தார். "மாப்ள, கிளம்பு."

"உக்காருங்க மச்சான். அது நம்ம வெடி இல்ல."

"என்ன நம்ம வெடி, அடுத்தவன் வெடி?"

"மருந்து ரூம் போச்சுன்னா முதல்ல தரைதான் ஆடும். அப்புறம் படபடன்னு பொரியும். இது ஒத்தச் சத்தம். சணல் சுத்தி இறுக்கிக் கட்டின நாட்டு வெடி. கண்மாய்ப் பக்கத்துல எவனோ போட்டிருக்கான்."

அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். வேறு சத்தமே இல்லை. தெருவில் ஆட்கள் ஏற்கெனவே ரோட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்திருந்தார்கள்.

"காட்டுப் பன்னிக்கு வச்சிருப்பான்" என்றார். "உன் காது தப்பாது மாப்ள. ஆனா ஓடுறவுகளுக்கு உன் காது இல்லையே. கேட்டுல நின்னு ஒரு தடவை பேரை வாசிச்சுட்டா அவுக மனசு ஆறி வேலையைப் பாக்கப் போவாக." மொபெட்டை மிதித்தார். "வாரியா?"

"நீங்க போங்க. நான் பின்னால வாரேன்."

"நீ வர மாட்ட. இங்கனயே தூங்கிருவ. தூங்கு, தூங்கு." நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார்.

தூங்கிவிட்டேன். அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். ஊர் முழுக்க ரோட்டு வழியாகக் கம்பெனிப் பக்கம் போய்விட்டது. கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஆள் இல்லை. வெட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சத்தம் கேட்டால் ஊர் எந்தப் பக்கம் ஓடும் என்பதும் தெரியும், ஒரே ஒரு ஆள் எந்தப் பக்கமாகப் போவார் என்பதும் தெரியும். நான் முழித்தபோது கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு ஆடு மேய்க்கிறவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார்.

அதே நேரம் கம்பெனி கேட்டில் என்ன நடந்தது என்று தங்கச்சி எனக்குப் பஸ்ஸில் பலமுறை சொல்லியிருக்கிறாள். சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே ஓடிவந்து நின்றார்கள். எங்கேயும் புகை இல்லை. பயம் தெளிந்து கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஏடீ, இப்பப் பாரு, உங்க வீட்டுக்காரரு தலையச் சீவிக்கிட்டு நோட்டைத் தூக்கிட்டு வருவாரு" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். இவளும் சிரித்தாளாம். "நானும் சிரிச்சேண்ணே" என்பாள், ஒவ்வொரு தடவையும், அந்த இடம் வந்ததும்.

போலீஸ் என்னை விசாரித்தபோது அவள் பக்கத்து அறையில் பெண்களுக்கு நடுவே கிடந்தாள். அழுகையே இல்லை, முனகல்தான். "சம்பவ நேரத்துல எங்க இருந்த?" என்று கேட்டார்கள். காலையில் பெயர் எழுதிவிட்டு மறுபடி ஷிப்டுக்குப் போய்விட்டேன், பிரஸ்ஸில் இருந்தேன் என்று வாய் சொல்லிவிட்டது. பிரஸ்ஸில் யாரும் போய்க் கேட்கவில்லை. நோட்டை எழுதியவன் என்று மட்டும் என் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஊர் பேசியது. "இம்புட்டு விவரமான மனுஷன், ஒரு வெடிச் சத்தத்துக்கு ஏமாந்து போயிட்டாரே" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அவளுக்கு அது வெட்டுக் காயத்தைவிட வலித்தது. "அவரை யாரும் ஏமாத்த முடியாதுண்ணே. ஓட்டு எண்ணுற இடத்துல கூட ஏமாறாத ஆளு. இதுல போயி எலி மாதிரி மாட்டிக்கிட்டாரே" என்பாள். அவர் ஏமாறவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான், பக்கத்து சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

ஒருவழியாக ஒரு நாள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நோட்டைக் காட்டினார்கள். ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. "என் எழுத்துதான்" என்றேன். அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தற்செயலாக வழியில் சந்தித்து வாய்த் தகராறில் நடந்த கொலை, திட்டம் எதுவும் இல்லை, குண்டு போட்டு வரவழைத்தார்கள் என்பது கட்டுக்கதை என்பது அவர் வாதம். புதருக்குள் போலீஸ் எடுத்த சணல் துண்டை எவன் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம் என்றார்.

"உங்க ஊரைச் சுத்தி எல்லாம் பட்டாசு கம்பெனிதானே?"

"ஆமா சார்."

"தினமும் வெடிச் சத்தம் கேட்கும். சாம்பிள் போட்டுப் பார்ப்பாங்க. சத்தம் கேட்கிறது உங்க ஊர்ல ஒரு அதிசயம் இல்ல. சரியா?"

ஆமா என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவரும் அதற்காகத்தான் கேட்டார். அடுத்த காகிதத்தைப் புரட்டக் கையை வைத்துவிட்டார். தங்கச்சி பின் பெஞ்சில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கால் வலித்தது. இத்தனை வருஷம் இந்தக் கோர்ட்டுக்கு நடந்ததெல்லாம் ஒரு ஆமா சொல்வதற்குத்தானா என்று தோன்றியது.

"சரிதான் சார். ஆனா அன்னைக்குக் கேட்டது அந்தச் சத்தம் இல்ல."

அவர் நிமிர்ந்தார். "எத்தனாவது படிச்சிருக்கீங்க?"

"மூணாவது. அதுவும் பாதி."

"சத்தத்தை வெச்சே எந்த வெடின்னு சொல்லிடுவீங்களோ?"

"மருந்து ரூம்ல இருந்தவன் சார் நான்." ஒட்டிய விரல்களைக் காட்டினேன். "அது கட்டு வெடி. கம்பெனிப் பக்கம் இல்ல, கண்மாய்ப் பக்கம்."

"பிரஸ்ஸுல மிஷின் முன்னாடி நின்னுக்கிட்டு, மைல் கணக்குல தள்ளி இருக்கிற கண்மாய்ச் சத்தம் கேட்டுச்சா?" கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள்.

"பிரஸ்ஸுல இல்ல சார். அவரு வீட்டு வாசல்ல இருந்தேன். போலீஸ்ல பொய் சொல்லிட்டேன். அவருகிட்ட அப்பவே சொன்னேன், இது நம்ம வெடி இல்லைன்னு."

அப்புறம் அவர் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா, யார் சொல்லிக் கொடுத்தார்கள், எத்தனை நாளாகப் பாடம் நடந்தது. நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று பாதி நினைவில்லை. அரசு வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னால் வழக்குக்கு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தண்டனை கிடைத்தது, அப்பீல் போனார்கள், அதில் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். யார் சாட்சியத்தால் எது நடந்தது என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தங்கச்சி எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். சிவகாசி பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். என்னைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"நீங்க சொன்னது அவரு காதுல விழுந்துச்சாண்ணே?"

"விழுந்துச்சு தங்கச்சி."

"நம்பினாரா?"

"உன் காது தப்பாதுன்னு சொன்னாரு. பன்னிக்கு வச்ச குண்டுன்னு நினைச்சாரு. தனக்குன்னு நினைக்கல."

"அப்ப கம்பெனியில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுதான் கிளம்பியிருக்காரு."

"தெரிஞ்சுதான். கேட்டுல நிக்கிறவுக மனசு ஆறணும்னு சொன்னாரு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "ஏமாறல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. ஒரு பஸ் வந்து, ஆட்கள் இறங்கி, புறப்பட்டுப் போயிற்று. எங்கள் பஸ் இல்லை.

"நீங்க ஏன் கூடப் போகலண்ணே?"

அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தேன். கைக்காயம், மனு பாக்கி, அவரே வேண்டாம் என்றார்.

"அலுப்பா இருந்துச்சு தங்கச்சி. தூங்கிட்டேன்."

"இம்புட்டுதானா?"

"இம்புட்டுதான்."

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "முந்தின நாள் பூரா மோட்டார் ரூமுல கிடந்தாரு, டேங்குல தண்ணி ஏறலைன்னு" என்றாள். "விடியக்காலம்தான் வீட்டுக்கு வந்தாரு. அன்னைக்கு அவரும் தூங்கலண்ணே."

பஸ் வந்தது. அவள் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் சாட்சியம் முடிந்துவிட்டதால் அடுத்த வாய்தாவுக்கு நான் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனாலும் அன்று காலையில் நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். ஏன் வந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிவகாசியில் இறங்கி அடுத்த பஸ் ஏறினோம். தீர்ப்பு வரும்வரைக்கும் அப்படியே போய்வந்தோம், அவள் முன் சீட்டில், நான் பின் சீட்டில்.